சிவப்பெண்ணெய்

அழகர் சட்டைக் கையின் பொத்தானை வெயில் காலத்திலும் கழற்றுவதில்லை. உள்ளே இருந்த வலது மணிக்கட்டு கோணலானது. தேயிலைத் தோட்டத்தின் பழைய ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு மழைநாளில் முன்சக்கரம் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தது. ஸ்டியரிங் தானாகச் சுழன்று அவர் கையை முறுக்கிவிட்டது. லுணுகலையில் எலும்புக்குக் கட்டுப்போடும் ஒருவர் பச்சிலை வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது. பிடி திரும்பவில்லை.

இதை அவர் மனைவி பாக்கியலெட்சுமியைத் தவிர எவரும் அறியார். வளைவுகளில் இடது முழங்கையை ஸ்டியரிங்குக்குள் கொடுத்து, உடம்பைச் சாய்த்துத் திருப்புவார். அதனால் மெதுவாகத்தான் ஓட்டுவார். நிதானமான டிரைவர் என்று தோட்டத்தில் பெயர் எடுத்ததும் அதனால்தான்.

டிரைவர் வேலை போனால் டிரைவர் வீடும் போகும். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குப் பின்னால் இரண்டு அறை, தனிக்குழாய், புகை வெளியே போக ஒரு ஜன்னல். அதற்கு முன் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒற்றை அறையில் இருந்தார்கள். அங்கே ஒரு மழைக்காலத்தில் சளி நெஞ்சில் கட்டி அவர்களுடைய ஒரே பெண் குழந்தை இறந்துபோனது. டிரைவர் வீட்டுக்குக் குடிவந்த அன்று பாக்கியம் ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "ஒரு வருஷம் முந்தி கெடச்சிருக்கக் கூடாதா?" என்றாள்.

எண்பத்தைந்தில் பழைய ஜீப் படுத்துவிட்டது. அணைக்கட்டு வேலை முடிந்து ஊர் திரும்பிய வெளிநாட்டுக்காரர்கள் விற்ற ஒரு பெரிய ஜீப்பைத் தோட்டம் வாங்கியது. அதுவும் பழசுதான். ஆனால் அதில் பவர் ஸ்டியரிங் இருந்தது. முதல் நாள் அழகர் அதை ஸ்டோர் முற்றத்தில் ஒரு வட்டம் சுற்றினார். இரண்டு விரல் போதுமாக இருந்தது. இன்னொரு வட்டம் சுற்றினார். ஸ்டோரில் வேலை செய்த மாரிசாமி வாசலில் நின்று கத்தினான்:

"என்னாண்ணே, மாவாட்டுறீங்களா?"

அழகர் சிரித்தார். அன்று சாயந்தரம் சாப்பிட உட்கார்ந்தவர் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னும் பத்து வருஷம் ஓட்டுவேன் புள்ள" என்றார்.

அந்த இரண்டு விரலுக்குக் காரணம் ஒரு சிவப்பு எண்ணெய். எஞ்சினுக்குப் பக்கத்தில் மூடி போட்ட சிறிய டப்பா ஒன்றில் அது இருக்கும். அழகர் தினமும் காலையில் எஞ்சினைச் சூடாக்கி, மூடியைச் சுற்றித் துணியால் துடைத்து, தூசி இல்லை என்று கண்ட பிறகே திறப்பார். மூடியோடு வரும் குச்சியில் இரண்டு கோடுகள். எண்ணெய் அவற்றுக்கு இடையில் நிற்க வேண்டும். நுரை இருக்கக் கூடாது. வண்டியின் ரப்பர்க் குழாய் ஒன்று வயதாகிக் கசிந்தது. கசிந்த அளவை ஊற்றிவிடுவார். பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம், "பச்சப் புள்ளைக்கு பால் ஊத்துற மாதிரி" என்பாள்.

அந்த எண்ணெய் எல்லாக் கடையிலும் கிடைக்காது. பதுளைக் கடைவீதியில் உதிரிப்பாகக் கடையும் பின்னால் சிறு பட்டறையும் வைத்திருந்த ஷுக்ரி கொழும்பிலிருந்து வரவழைத்துக் கொடுப்பார். அந்த வருடம் ஆயுத பூசைக்கு முன்பு அவரிடமும் தீர்ந்துவிட்டது. பூசை முடிந்ததும் வந்துவிடும் என்று சொல்லியனுப்பினார்.

பூசையன்று எண்ணெய் கீழ்க்கோட்டில் நின்றது. வளைத்தால் ஸ்டியரிங் முனகியது. அழகர் வண்டியைக் கழுவி, கோயிலடியில் நிறுத்தி, சந்தனம் வைத்தார்.

"எண்ணெ இருக்கா?" என்று பாக்கியம் கேட்டாள்.

"போத்தல் காலி. இனி சாமிதான் ஊத்தணும்."

கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, தராசு எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கினார்கள். பூசாரி விளக்கில் இருந்த எண்ணெயை விரலால் தொட்டு ஒவ்வொன்றிலும் தடவினார். ஜீப்பின் முன்மூடி மேல் குறுக்காக ஒரு மாலை கட்டினார்கள். மறுநாள் எலுமிச்சம்பழத்தை நசுக்கி முதல் பயணம் போய்த் திரும்பும்வரை அந்த மாலையை அறுக்கவோ அசைக்கவோ கூடாது.

அதனால் மறுநாள் காலையில் அழகர் முன்மூடியைத் திறக்கவில்லை. அந்த ஒரு நாள்தான் திறக்காமல் வண்டியை எடுத்தார். பதுளைவரை தாங்கும், அங்கே ஷுக்ரியிடம் ஊற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். தோட்டத்து மேனேஜரான தொரைக்குப் பதுளையில் ஒரு கூட்டம் இருந்தது. முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அவர் வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. இளைஞர், சிங்களவர், தமிழைத் தேடித்தேடிப் பேசுவார்.

பசறைக்கு இறங்கும் வழியில், இரண்டாவது கொண்டை ஊசி வளைவில், ஸ்டியரிங் அலறியது. பிறகு சத்தம் நின்றது. சத்தத்தோடு இலேசும் போனது. அழகர் முழங்கையைக் கொடுத்துச் சாய்ந்தார். சக்கரம் அசையவில்லை. பிரேக்கை மிதித்தார். வண்டி பள்ளத்தின் விளிம்புக் கல்லில் முட்டி நின்றது.

"என்ன அழகர்? ஏன் திருப்ப இல்ல?"

"பாரமா இருக்குங்க தொர."

தொரை இறங்கிச் சுற்றி வந்தார். அழகரை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார். முகம் சிவந்தது. சக்கரம் திரும்பியது.

"பாரம்தான். ஆனா திரும்புது."

பின்னர் அழகரின் கையைப் பார்த்தார். பொத்தான் அறுந்து சட்டைக் கை மேலேறியிருந்தது. தொரை அந்த இருக்கையை விட்டு எழவில்லை. பதுளைவரை அவரே ஓட்டினார். அழகர் தொரையின் இடத்தில் உட்கார்ந்து வந்தார்.

தொரை கூட்டத்துக்குப் போன பின்பு, ஷுக்ரி மாலையை ஒதுக்கிவிட்டு முன்மூடியைத் தூக்கினார். டப்பா நிரம்பி வழிந்திருந்தது. மஞ்சளும் சிவப்புமாக நுரை. மோந்து பார்த்தார்.

"என்ன அழகரண்ணே, இதுக்குள்ள விளக்கேத்தினீங்களா? கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி மணக்குது."

அடியிலிருந்த சல்லடையை எடுத்தார். கருகிய திரிநூல் பந்தாகி எண்ணெய் போகும் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. நூலில் குங்குமம் ஒட்டியிருந்தது. அழகர் அதைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த டயரின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு ஊத்தினது?"

"நான்தான்."

"நீங்களா? மூடியத் தொடைக்காமத் தொறக்க மாட்டீங்க. நீங்க ஊத்தினீங்களா?"

"நான்தான் மொதலாளி. யாருகிட்டயும் சொல்லாதீங்க."

ஷுக்ரி அவர் முகத்தைப் பார்த்தார். அதன்பின் கேலி பேசவில்லை. டப்பாவையும் குழாய்களையும் கழுவி, புதிதாக வந்திருந்த எண்ணெயை ஊற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் பலமுறை திருப்பிக் காற்றைப் போக்கினார். தொரை வந்ததும் முந்திக்கொண்டு சொன்னார்:

"சேர், எல்லாம் சரி. இப்ப ஒரு வெரலால திருப்பலாம்."

தொரை திருப்பிப் பார்த்தார். தலையசைத்தார். பிறகு அழகரிடம் தணிந்த குரலில் பேசினார்.

"எண்ணெய் ஒரு நாளைக்கு இல்லாமப் போகும்தானே? அண்டைக்கு வண்டிக்குள்ள ஆள் இருக்கும். வயித்துப்புள்ளக்காரி இருக்கும். கை இப்பிடி எண்டு நீ சொல்ல இல்ல."

"சொல்லலீங்க தொர."

"ஸ்டோருல விறகு அளக்கிற வேலை இருக்கு. அத எடு."

திட்டவில்லை. திட்டியிருந்தால் அழகர் பதில் ஏதாவது சொல்லியிருப்பார்.

ஜீப்புக்கு மாரிசாமி வந்தான். டிரைவர் வீடும் அவனுக்கு. சாவி வாங்க வந்தவன் வாசலிலேயே நின்றான். "நான் கேக்கலண்ணே" என்றான். "தெரியும்டா" என்றார் அழகர். "மூடியத் தொறக்க முந்தி நல்லாத் தொடச்சிரு."

லயத்தில் கிடைத்தது நடுக்காம்பரா, இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர் உள்ள ஒற்றை அறை. ஜன்னல் இல்லை. சாமான்களை இறக்கிவிட்டுப் பாக்கியம் அடுப்பு மூட்டினாள். ஈர விறகு. புகை கூரைவரை போய்த் திரும்பி இறங்கியது. அழகர் வாசலோரம் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேல போனாப் போகுதுங்க. விளிம்புக் கல்லுல முட்டி நின்னுச்சின்னு மாரிசாமி சொன்னிச்சு. எனக்குக் குலையே நடுங்கிருச்சு."

"ம்."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. பூசையன்னிக்கு வண்டிக்கு மால கட்ட முந்தி, நீங்க சாப்பிடப் போனப்ப, வெளக்குல மிஞ்சின எண்ணெய அந்த டப்பால ஊத்திவிட்டேன். நெறைய ஊத்தினேன். நீங்கதான் சாமி ஊத்தணும்னீங்களே. அந்த எண்ணெதான் உங்களப் பள்ளத்துல விடாம நிப்பாட்டியிருக்கு."

அழகர் அவளைப் பார்த்தார். புகையில் அவள் கண்கள் சிவந்திருந்தன. எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு நிம்மதி.

"ஆமா புள்ள" என்றார். "அதுதான் நிப்பாட்டுச்சு."

அவள் எழுந்து சோறு வடிக்கப் போனாள்.