ராஜா வீட்டுப் பலகை

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் ராஜா வீட்டின் வாசலில் ஒரு கறுப்புக் கல் பலகை பதித்திருக்கிறார்கள். அதிலுள்ள தமிழ் என்னுடையது. 2006-இல் அந்த வீட்டைப் பழுதுபார்த்து, மஞ்சள் சுண்ணாம்பு அடித்து, பார்வைக்குத் திறந்தவர்கள், பிழையில்லாமல் எழுத ஆள் தேடி என்னிடம் வந்தார்கள். பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்வது அப்போது என் வேலை.

எங்கள் அலுவலகத்து டைப்பிஸ்ட் அம்மா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வடக்கேயிருந்து வந்த ஒரு ராஜா, இந்த டைப்பிஸ்ட் அம்மாவின் தாயைப் பெற்ற ஆயாவை விரும்பி, அவருக்கென்றே கட்டிய வீடு அது. பலகைக்கு நான் எழுதுகிறேன் என்று தெரிந்ததும் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸோடு என் மேசைக்கு வந்துவிட்டார். ஆயாவின் பெயர், கோயிலில் நடந்த கல்யாணம், ராஜா கட்டிய தாலி என்று எல்லாவற்றையும் சொன்னார்.

"மனைவின்னு ஒரு வார்த்த போட்டுடு தம்பி. புள்ளைக்கு இப்பதான் மூலக்குளத்துல பொண்ணு எடுத்திருக்கேன். சம்பந்தியம்மாவ கூட்டியாந்து காட்டணும்."

ராஜாவின் பெயரில் திருமணப் பதிவுகளைப் பக்கம் பக்கமாகத் தேடினேன். இல்லை. கோயிலில் நடந்த எத்தனையோ கல்யாணங்கள் அந்தப் பதிவேடுகளுக்கு வந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பதிவில் இல்லாததை நான் எழுதுவதில்லை. 'வைப்பு' என்று எழுதி, அடித்து, 'ஆசைநாயகி' என்று மாற்றினேன். நாகரிகமான சொல் என்று திருப்தி. டைப்பிஸ்ட் அம்மா கேட்டபோது, சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். டைப்பிஸ்ட் அம்மா பட்டுப்புடவையில் வந்தார். கூடவே சம்பந்தியம்மாவும் புது மருமகளும். சம்பந்தியம்மா பலகையை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். அந்தச் சொல்லுக்கு வந்ததும் நிறுத்தி, வீட்டை அண்ணாந்து பார்த்தார்.

"இம்மாம் பெரிய வீடு. இத்தப் போயி சின்ன வீடுன்னு எழுதி வெச்சிருக்காங்களே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. டைப்பிஸ்ட் அம்மா அவர்களை மாடிக்கு அழைத்துப்போனார். நானும் பின்னால் போனேன். அங்கே பித்தளைக் கட்டிலைக் காட்டி வழிகாட்டி காதல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தொட்டுப் பாருடி," என்று சம்பந்தியம்மா மகளிடம் சொன்னார். "உன் மாமியா வூட்டுச் சொத்து."

மருமகள் தொடவில்லை. மாமியாரின் முகத்தையும் பார்க்கவில்லை.

அவர்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு டைப்பிஸ்ட் அம்மா என்னிடம் வந்தார். குரல் உயரவில்லை.

"மனைவின்னு போட முடியல, சரி. ஒண்ணுமே போடாம அவங்க பேர மட்டும் போட்டு வுட்டிருக்கலாமே தம்பி."

அவர் போனபின் பலகையை மறுபடி படித்தேன். ராஜாவின் பெயர் பட்டங்களோடு இரண்டு வரி. ராஜாவுக்கு வீட்டைக் கட்டித் தந்த பிரெஞ்சுக்காரரின் பெயர் ஒரு வரி. அந்தப் பெண்ணின் பெயர் எங்கும் இல்லை.

பெயரைச் சேர்க்கலாமா என்று வீட்டைத் திறந்தவர்களிடம் கேட்டேன். சேர்த்துக்கொள்ளலாம், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். டைப்பிஸ்ட் அம்மா என் மேசைக்கு வந்த நாளின் நாட்குறிப்பைப் புரட்டினேன். வந்த நேரம் இருந்தது. பார்க்கவேண்டிய பதிவேட்டுத் தொகுதிகளின் எண்கள் இருந்தன. எலுமிச்சை சாதம் கொடுத்தார் என்றுகூட எழுதியிருந்தேன். ஆயாவின் பெயர் இல்லை.

அவர் உட்கார்ந்திருந்தது எனக்கு இரண்டு மேசை தள்ளித்தான். கேட்டால், அன்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை என்பது தெரிந்துவிடும். அவர் ஓய்வு பெற்றுப் போகும்வரை கேட்கவில்லை.