பொஸ்டன் வானத்தைப் பார்த்துக் கடை திறப்பவர்

விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டுத் தொப்பியைக் கழற்றுவதற்கு முன்பே மீராசாஹிப் கைபேசியைக் கண்ணுக்கு அருகே பிடித்து, பொஸ்டனில் மழையா வெயிலா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே நுவரெலியா மலையிலிருக்கிற கந்தப்பளை மூடுபனிக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் அவர் திரும்புவதே இல்லை. சொந்த ஊர் வானம் எங்கே ஓடிப்போகப்போகிறது? ஒன்பதரை மணிநேரம் பின்தங்கி, இன்னும் முந்தின நாள் இரவு எட்டு மணியிலேயே நிற்கிற அந்தத் தூரத்து நகரத்தின் வானம்தான் அவருக்கு வேண்டும். அவருடைய ஒரே மகள் ரினோஸா அங்கேதான் மேற்படிப்புப் படிக்கிறாள்.

"ஸுலைஹா, அங்க ரெண்டு பாகை. காத்தும் ஈக்கி" என்று குசினிப் பக்கம் குரல் கொடுப்பார்.

ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி மனைவி கேட்பாள், "இங்க எத்தின பாகையாம்?"

அது அவருக்குத் தெரியாது.

அறுபத்தொரு வயது. ஒல்லி உடம்பு, நீண்ட கைகள். கடை நிறைய ஜெக்கட் வைத்திருப்பவர் அதில் ஒன்றைக்கூடத் தன் தோளில் போட்டுப் பார்த்ததில்லை என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எந்தக் குளிருக்கும் அதே மண்ணிறக் கையில்லாச் சுவெட்டர்தான். பஸ் நிற்கிற இடத்திலிருந்து நாலு கடை தள்ளி, பத்தடி அகலத்தில் அவருடைய வியாபாரம். குளிர் நாடுகளுக்கு அனுப்புவதற்காக இலங்கைத் தொழிற்சாலைகளில் தைத்து, ஏதோ ஒரு சின்னக் குறைக்காக ஒதுக்கிவிட்ட ஜெக்கட்டுகள் மூட்டை மூட்டையாக அவரிடம் வந்து சேரும். ஒன்றில் சிப் கோணலாக ஏறும். இன்னொன்றில் இடது பை வலது பையைவிட ஒரு விரல் மேலே இருக்கும். அதையெல்லாம் அவர் ஒளிப்பதில்லை.

"பிழை எங்க ஈக்கி எண்டு நானே காட்டித் தார. பொறகு வந்து சண்டை புடிக்க வாணாம்" என்று சொல்லித்தான் விற்பார். குறையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வாங்கிப் போகிறவர்கள்தான் அதிகம்.

ஆள் வராத நேரங்களில் தொங்குகிற ஜெக்கட் ஒன்றின் பைக்குள் கையை விட்டபடி அப்படியே நின்றுவிடுவார். பார்ப்பவர்களுக்கு எதையோ தேடுகிறார் என்று தோன்றும். அவர் கந்தப்பளையிலேயே இருக்கமாட்டார். இந்த ஜெக்கட்டோடு சேர்த்துத் தைத்த நல்ல ஜெக்கட்டுகள் ஆயிரம் இருக்குமா? அவையெல்லாம் கப்பலேறிப் போயிருக்கும். அதில் ஒன்றை மாட்டிக்கொண்ட யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர், பொஸ்டன் ரயிலில் ரினோஸாவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றிருப்பார். ரயில் ஆடும்போது அந்த ஜெக்கட்டின் கை மகளின் தோளில் பட்டிருக்கும். அது தன் தகப்பன் கடைத் துணிதான் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. இவ்வளவு தூரம் போய்த் திரும்புவதற்குள் வாசலில் வந்த ஆள் அடுத்த கடைக்குப் போயிருப்பார்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கடைக்கு வெளியே இரும்புக் கம்பியில் எதைத் தொங்கவிடுவது என்பதை மீராசாஹிப்புக்காகத் தீர்மானிப்பது பொஸ்டன். அங்கே குளிர் கூடினால் இங்கே தடித்த பஞ்சு ஜெக்கட் வெளியே வரும். அங்கே வெயிலடித்தால் மெல்லிசுகள். இதில் என்ன வியாபாரத் தந்திரம் என்று யாரும் கண்டுபிடித்ததில்லை. ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை. காலையில் மனதில் எது இருக்கிறதோ கை அதைத்தான் எடுக்கிறது.

கடைப் படிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து லீக்ஸும் கரட்டும் விற்கிற காளியாயிக்கு இது தினசரி வேடிக்கை. முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு ஓய்வுபெற்றவள் அவள். வானத்தைப் பார்க்காமலே மழையைச் சொல்வாள்.

"என்னா மொதலாளி, அங்க ஐஸு கொட்டுதாக்கும்? இம்புட்டு தடிச்சத மாட்டியிருக்கீங்க! இங்க வெயிலு மண்டைய பொளக்குது."

"இங்கத்த வெயில் பத்து மணி வரைக்கும்தான் காளியாயி."

"அப்ப பத்து மணிக்கு மேல யாவாரம் பாருங்க. அது வரைக்கும் இந்தக் கரட்ட கொஞ்சம் பாத்துக்கங்க, நா டீ குடிச்சிட்டு வந்துர்றேன்."

கடந்த ஏப்ரலின் முதல் வாரம் இந்த வேடிக்கை வேடிக்கையாக இருக்கவில்லை. மே மாதத்தோடு ரினோஸாவின் படிப்பு முடியவிருந்தது. தலவாக்கலைப் பக்கம் தேயிலை ஆராய்ச்சி வேலையொன்று அவளுக்காகக் காத்திருந்தது. பொஸ்டனிலும் ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். திரும்பி வருவதா, அங்கேயே இருப்பதா என்று அவர் கேட்டதற்கு, "ஞாயித்துக்கெழம சொல்ற வாப்பா. ஒரு கெழம யோசிக்க உடுங்க" என்றாள். மீராசாஹிப் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. மகளை எதற்கும் வற்புறுத்தி அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் அவள் வந்துவிடவேண்டும் என்ற ஆசை சோற்றிலும் தேநீரிலும் கூடவே இறங்கிக்கொண்டிருந்தது.

அவருக்கென்று ஒரு கணக்கும் இருந்தது. முப்பத்தைந்து வருடமாக ஏப்ரல் சீசனைப் பார்த்தவர். கொழும்பிலிருந்து குடும்பத்தோடு மூன்று நாள் தங்க வருவார்கள். முதல் நாள் பகல் முழுக்க மழை பிடித்துக்கொண்டால், பின்னேரமே பிள்ளைகள் சிணுங்கும். அடுத்த நாள் வேன் கீழே இறங்கிவிடும். "வந்தவங்கள மழையே அனுப்பி வெச்சிரும்" என்பது அவர் அடிக்கடி சொல்கிற பேச்சு. அது தவறி அவர் பார்த்ததில்லை. ரினோஸாவும் ஓர் ஊருக்கு வந்தவள்தானே? அந்த ஒரு வாரம் அங்கே வானம் கொஞ்சம் முகத்தைச் சுளித்தால் போதும் என்று நினைத்தார்.

திங்கட்கிழமை அவர் நினைத்ததுபோலவே நடந்தது. பொஸ்டனில் காலம் தப்பி வெண்பனி கொட்டியது. மகள் அனுப்பிய படத்தில் சைக்கிள் ஒன்றின் இருக்கை வெண்பனியில் மூடிக் கிடந்தது. மீராசாஹிப் உற்சாகமாகக் கடையைத் திறந்து, இருப்பதிலேயே தடித்த ஆறு ஜெக்கட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டார். அன்றைக்குப் பார்த்துக் கந்தப்பளையில் நல்ல வெயில். ஒன்றும் விற்கவில்லை. அவருக்கு அது கவலையாகவே படவில்லை.

செவ்வாயன்று அங்கே பனி கரைந்து சேறாகிக் காற்று வீசியது. அதுவும் நல்லதுதான்.

புதன்கிழமை எல்லாம் தலைகீழாகிவிட்டது. இருபத்தொரு பாகை! ஒரே நாளில் எப்படி ஏறியது என்று அவருக்கு விளங்கவில்லை. இரவு ஒன்பதரைக்கு ரினோஸா வீடியோவில் வந்தாள், அங்கே நடுப்பகல். பின்னால் புல்வெளி, புல்லில் படுத்துக்கிடக்கிற பொடியன்கள் பெட்டைகள், இலையே இல்லாத மரத்தில் வெறும் பூ. "வாப்பா, நேத்து ஐஸ் ஈந்த எடம் இது. பாருங்களே!" அவள் சிரித்த சிரிப்பு சின்ன வயதில் ஆலங்கட்டி மழையில் ஓடிய பிள்ளையின் சிரிப்பு. அவர் நல்லா ஈக்கி, நல்லா ஈக்கி என்று தலையாட்டினார். அன்று இரவு இஷா தொழுகைக்குப் பிறகு கையேந்தியபோது, வழக்கமான துஆக்களோடு இன்னொன்றும் நாக்கில் வந்துவிட்டது: அங்கே இன்னும் கொஞ்சம் குளிரைக் கொடு ரஹ்மானே. கேட்டபின்தான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழுந்துகொண்டார்.

வியாழன் பொஸ்டனில் பகல் முழுக்க மழை, ஐந்து பாகை.

வெள்ளி விடியற்காலை அழைப்பு எடுத்தபோது ரினோஸா போர்வைக்குள் இருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. புதன்கிழமை வெயிலை நம்பி வியாழனும் ஜெக்கட் இல்லாமல் போனாளாம். நனைந்து வந்ததில் காய்ச்சல்.

ஸுலைஹா கைபேசியைப் பறித்துக்கொண்டாள். "கொத்தமல்லி ஈக்கா புள்ள அங்க? அவிச்சுக் குடிங்க. தலைய மூடுங்க. நுவரெலியாவுல பொறந்த புள்ளைக்கு வெயில நம்பக்கூடாதெண்டு தெரியாதா?"

மீராசாஹிப் சுவரோடு சாய்ந்து நின்றார். மகளுக்குக் காய்ச்சலைத் தானே கையால் அனுப்பிவைத்ததுபோல் இருந்தது. எந்தத் தகப்பன் போய் அல்லாஹ்விடம் இப்படிக் கேட்பான்? இதை யாரிடமாவது சொல்லவேண்டும் போலவும், சொன்னால் செத்துவிடலாம் போலவும் வெட்கமாக இருந்தது. ஸுலைஹாவிடம்கூடச் சொல்லவில்லை. கடைக்கு வந்து கதவைத் திறந்தவர் வெளிக் கம்பியில் ஒன்றையும் மாட்டாமல் உட்கார்ந்துவிட்டார்.

"என்னாங்க, இன்னைக்கி அமெரிக்காவுல வானமே இல்லீங்களா?" என்றாள் காளியாயி. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "பாப்பாவுக்கு ஒடம்பு சொகமில்லையா?"

"காய்ச்சல். நனஞ்சிட்டா."

"வயசுப் புள்ளைக்கு ரெண்டு நாள்ல ஓடிரும். நீங்க ஏன் இப்புடி ஒக்காந்திருக்கீங்க, நீங்களே நனைய வுட்ட மாதிரி?"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. காளியாயி சும்மாதான் சொன்னாள். சொல்லிவிட்டு லீக்ஸ் கட்டின்மேல் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டாள். அன்று ஜும்ஆ தொழுகையில் மீராசாஹிப் நீண்ட நேரம் கையேந்தியிருந்தார். வெயிலைக் கேட்டார். நல்ல, சூடான, நாள் முழுக்க நிற்கிற வெயில். அவள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று சொல்லப் பார்த்தார். அந்த இரண்டாவது பாதி மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை.

சனிக்கிழமை பொஸ்டனில் வெயில் என்று கைபேசி சொன்னது. பதினெட்டு பாகை, காற்றில்லை. காய்ச்சல் விட்டதென்று மகளிடமிருந்து ஒரு வரிச் செய்தியும் வந்தது. அவர் மெல்லிய ஜெக்கட்டுகளைத் தொங்கவிட்டார். கந்தப்பளையில் அன்று காலை மூடுபனி, பத்து மணிக்கு வெயில், நண்பகலில் தூறல், இரண்டு மணிக்கு ஆலங்கட்டி, நாலு மணிக்கு மறுபடி மஞ்சள் வெயில். எதிர்ச்சரிவில் நனைந்த தேயிலை முழுக்கப் புகைந்தது. அவர் அதை அன்றுதான் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். மகள் இருக்கிற ஊரும் இப்படித்தான் போலிருக்கிறது, நம்மூரைப்போலவே ஒரு சொல்லில் நிற்காத வானம் என்று நினைத்தபோது, முதன்முறையாக அந்த ஊரின்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை.

ஞாயிறு பின்னேரம் ஐந்தரைக்கு அழைப்பு வந்தது. அங்கே காலை எட்டு மணி. சுற்றுலா வேன்கள் நுவரெலியாப் பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. மீராசாஹிப் கடையின் உட்புறம் போய், தொங்குகிற உடுப்புகளுக்கு நடுவே நின்று எடுத்தார். ரினோஸாவின் முகம் தெளிந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்திருந்தது. காய்ச்சல், கொத்தமல்லி, உம்மாவின் முழங்கால் வலி என்று பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டு பேரும் அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை.

"வாப்பா, ஒண்டு காட்டவா?"

திரையிலிருந்து விலகிப் போனாள். திரும்பி வந்தபோது கையில் நீளமான கருநீலக் கோட் ஒன்று, முழங்காலுக்குக் கீழே இறங்குவது.

"நேத்து வாங்கின. இப்ப எல்லாக் கடையிலயும் பாதி வெல. குளிர் முடியுதுதானே."

இந்தக் கணக்கு மீராசாஹிப்புக்குத் தெரியும். குளிரக் குளிர ஜெக்கட் வாங்குபவர்கள் வெளியூர்க்காரர்கள். நடுங்கிக்கொண்டே வருவார்கள், கேட்ட விலையைக் கொடுப்பார்கள், மூன்று நாள் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஊர்க்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. சீசன் முடிந்து விலை இறங்கியபின் ஆறுதலாக வந்து, அடுத்த டிசம்பருக்கென்று வாங்கிப் பெட்டியில் வைப்பார்கள். முப்பத்தைந்து வருடமாக ஆளைப் பார்க்காமலே அதை வைத்து அவர் சொல்லிவிடுவார், இவர் வந்தவர், இவர் இருப்பவர் என்று. மகள் வாங்கியது அடுத்த டிசம்பருக்கு. வலித்தது. பெரிய சத்தமில்லாத வலி.

ரினோஸாவின் சிரிப்பு போய்விட்டிருந்தது. "வாப்பா, நான் இன்னம் ஒண்டும் சொல்லல்லதானே. நீங்க என்ன சொல்ற எண்டு கேக்கத்தான்..."

"சொல்லிட்டீங்க மகள்."

அவள் கண் நிறைந்தது. கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். வெளியே ஒரு பஸ் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது.

"அழ வாணாம்" என்றார். "உள்ளுக்கு பஞ்சா, கம்பளியா? மெல்லிசெண்டா அந்தக் காத்துக்கு நிக்காது. கைய இங்கால கிட்டக் கொண்டாங்க, பாக்க."

ரினோஸா கோட்டின் கைப்பகுதியை முன்னால் நீட்டினாள். திரை முழுக்கக் கருநீலமாயிற்று. மீராசாஹிப் கண்ணை மூடிக்கொண்டு, பெருவிரலைக் கண்ணாடியின் மேலும் சுட்டுவிரலைக் கைபேசியின் பின்புறமும் வைத்து, துணியின் கனம் பார்ப்பதுபோல் மெல்லத் தேய்த்தார்.