முதலில் தப்பு, பிறகு சரி

எங்கள் கட்டடத்தில் என் தம்பி மனைவிக்கு 'ரெடி ஸ்டார்ட்' என்று பெயர். வைத்தது நான் இல்லை. நான் வைத்திருந்தால் இன்னும் காரமாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், இரண்டாம் மாடியிலிருந்து "ரெடி... ஸ்டார்ட்!" என்று அவள் குரல் படிக்கட்டு வழியாக இறங்கி வரும். லிஃப்ட் பழுது பார்க்க வந்த ஆள்கூட, "மேல என்னம்மா, ஓட்டப்பந்தயமா?" என்று கேட்டான். பந்தயம் இல்லையப்பா, பாடம். ஐந்து வயதுப் பெண்ணோடு தாயும் தகப்பனும் சேர்ந்து விளையாடிக்கொண்டே கற்கிறார்களாம். அதை ஊரெல்லாம் போனில் பார்த்துப் பின்பற்ற வேண்டுமாம்.

நான் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறேன். தெருமுனைச் சலவைக் கடையில் துணி வாங்கி வைக்கும் வேலை. கறை எங்கே, என்ன கறை என்று பார்த்துச் சீட்டுக் குத்துவதே என் பிழைப்பு. "அக்கா மனுஷங்களையும் அப்படித்தான் பார்ப்பா" என்று தம்பி சொல்வான். பார்த்தால் என்ன? கறை இருந்தால் கண்ணில் படத்தானே செய்யும்.

இந்த மகராசி கல்யாணத்துக்கு முன்பு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களிடம் "வலிக்கவே வலிக்காது" என்று சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும். உள்ளே போனவர்கள் அலறுவது வெளியே கேட்கும்போதும் அந்தச் சிரிப்பு மாறக் கூடாது. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். சிரிப்பை மட்டும் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

ஆரம்பத்தில் ஒன்றும் தப்பாக இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தையை நாங்கள் சுண்டு என்று கூப்பிடுவோம். பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாள். சுண்டுவுக்கு மூன்று வயதானபோது, அடுக்களைக் கரண்டிகளைத் தரையில் கொட்டி, பெரிசு சிறிசு என்று வரிசையாக அடுக்க விட்டாள் அவள் அம்மா. தட்டில் மாவைப் பரப்பி விரலால் எழுத விட்டாள். சின்ன டம்ளரால் எத்தனை தடவை ஊற்றினால் குடம் நிறையும் என்று பார்க்கச் சொன்னாள். என் கடையிலிருந்து ஒரு ஹேங்கரை வாங்கிப் போய், இரண்டு முனையிலும் காகிதக் கப்பைக் கட்டி, தராசு செய்தாள். சாவிக்கொத்து கனமா, பொத்தான் டப்பா கனமா என்று தாயும் மகளும் நாள் முழுக்க எடை போட்டார்கள். அந்தத் தராசு எனக்கே பிடித்திருந்தது. சொல்லக் கசக்கிறது, ஆனாலும் பிடித்திருந்தது.

அடுத்த வாரம் சுண்டு என் கடைக்கு வந்தாள். இரண்டு கையிலும் ஒவ்வொரு சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அத்தை, ஈரச் சட்டைதான் கனம். தண்ணி உள்ள ஒளிஞ்சிருக்கு" என்றாள். யாரும் கேட்கவில்லை, யாரும் கை தட்டவில்லை. அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்த துணிக்குப் போய்விட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கெட்டது எங்கே என்றால் எலுமிச்சம்பழத்தில். தண்ணீர்த் தொட்டியில் எது மிதக்கும், எது மூழ்கும் என்று ஒரு விளையாட்டு. எலுமிச்சம்பழம் மூழ்கிவிடும் என்றாள் சுண்டு. போட்டால் அது ஒய்யாரமாக மிதக்கிறது. பிள்ளை வாயைப் பிளந்து, கன்னத்தில் கை வைத்து, "ஓ!" என்றது. அசல் ஆச்சரியம். அந்த வீடியோவை எங்கெங்கோ இருக்கிறவர்களெல்லாம் பார்த்துத் தள்ளிவிட்டார்கள். அதுவரை என் தம்பியும் அவள் உறவுக்காரர்களும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் அது.

"பாத்தீங்களா அண்ணி? தப்பா சொன்னாத்தான் எல்லாருக்கும் பிடிக்குது" என்று என்னிடம் போனை நீட்டினாள்.

"பிள்ளைக்குத் தெரியல, சொல்லிச்சு. தெரிஞ்சதை எப்படித் தப்பா சொல்லும்?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது அண்ணி."

எனக்கா புரியாது? அன்றிலிருந்து வீட்டில் சட்டம் போட்டாயிற்று. என்ன கேட்டாலும் சுண்டு முதலில் தப்பாகச் சொல்ல வேண்டும். உடனே அம்மா தேன் சொட்டச் சொட்ட, "நல்லா யோசிச்சுப் பாரு செல்லம்" என்பாள். பிள்ளை கண்ணை விரித்து, கன்னத்தில் கை வைத்து, "ஓ!" சொல்லி, அப்புறம் சரியான பதிலைச் சொல்ல வேண்டும். அப்பா கை தட்ட வேண்டும். எலுமிச்சம்பழம் மிதக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை அது மூழ்கும் என்று சொல்ல வைத்தாள் தெரியுமா? கண்றாவி.

என் தம்பி பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஞாயிறு ஒருநாள்தான் தூங்கக் கிடைக்கும். அவனை எழுப்பி, நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலச் சட்டையை மாட்டி உட்கார வைத்துவிடுவாள். எதிரே போனைத் தாங்கிக்கொண்டு ஒரு மூணுகால் ஸ்டாண்டு நிற்கும். அந்த வீட்டில் அதற்கு இருந்த மரியாதை அவனுக்கு இல்லை.

"சிரிங்க. பல்லு தெரியணும்."

"தூக்கம் வருதுடி."

"குடும்பமா சேர்ந்து கத்துக்கறோம்ங்க. தூங்குறாராம் தூக்கம்!"

அந்த வீடியோவுக்குக் கீழே என்ன எழுதினாள் என்று நினைக்கிறீர்கள்? 'குழந்தையை அவசரப்படுத்தாதீர்கள். அதன் வேகத்தில் விடுங்கள்.' அதை எடுக்கும்போது, "சீக்கிரம் சொல்லுடி, வெளிச்சம் போகுது!" என்று அவள் கத்தியது மூன்று மாடிக்கும் கேட்டது. யார் காதில் பூ சுற்றுகிறாள்?

கீழ்த்தளத்தில் என் பக்கத்து வீட்டுக் குழந்தை டிவி பார்த்தால் இவள் மூக்கைச் சுளிப்பாள். "பாவம், அந்தம்மாவுக்குப் பிள்ளையோட நேரம் செலவழிக்கத் தெரியல" என்பாள். அந்தம்மா காய்கறி நறுக்கிக்கொண்டே மகளோடு டிவி பார்த்து வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தது எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது.

இப்படியே போய்க்கொண்டிருந்த கூத்து பள்ளிக்கூடத்தில் வந்து முட்டியது.

நாங்கள் நடந்து போகும் தூரத்தில் ஒரே ஒரு நல்ல பள்ளிதான். அதன் முன்னறையில் ஒரு பெரிய மீன் தொட்டி. தெருவில் போகும்போதெல்லாம் சுண்டு கண்ணாடி ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பாள். இழுத்தால்தான் வருவாள். அது அவளுக்கு மீன் ஸ்கூல். "நான் எப்போ மீன் ஸ்கூலுக்குப் போவேன் அத்தை?" என்று கேட்டுக் கேட்டு என் காதைத் தின்றுவிட்டாள். ஒன்றாம் வகுப்பில் சேர ஒரு சின்னத் தேர்வு உண்டு. அதில் தேறாவிட்டால், இத்தனை நாளும் உட்கார்ந்திருந்த அதே மழலையர் வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வேண்டும்.

தேர்வு நாளில் தம்பிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பை தூக்க ஆள் வேண்டுமே, என்னைக் கூட்டிப்போனாள். வாசலில் போனை நீட்டி, "இன்னிக்கு எங்க வாழ்க்கையில ஒரு பெரிய நாள்" என்று ஆரம்பித்தாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றேன். யாராவது தெரிந்தவர்கள் பார்த்துத் தொலைத்தால்?

உள்ளே தலைமை ஆசிரியை எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க வீடியோ எல்லாம் பாப்பேன்மா. எங்க டீச்சர்ஸ்கிட்ட காட்டி, இப்படிச் சொல்லிக்கொடுங்கன்னு சொல்லியிருக்கேன்." என் தம்பி மனைவிக்குக் கால் தரையில் படவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். நானும் திருப்பிப் பார்த்தேன்.

சுண்டுவை மீன் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாங்கள் பின்னால் ஒரு பெஞ்சில். பெற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

தலைமை ஆசிரியை ஒரு சிவப்புப் பென்சிலைத் தூக்கிக் காட்டினார். "இது என்ன கலர்?"

"பச்சை" என்றாள் சுண்டு கணீரென்று.

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். கன்னத்துக்குக் கை தயாராகக் கிளம்பிவிட்டது. ஆனால் 'நல்லா யோசிச்சுப் பாரு செல்லம்' என்று சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? ஆசிரியை தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"பூனைக்கு எத்தனை கால்?"

"ஆறு."

மறுபடி காத்திருப்பு. மறுபடி அடுத்த கேள்வி. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். மகராசியின் முகத்தில் அந்த வரவேற்பு மேஜைச் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் மட்டும் வியர்வை ஓடியது.

"தொட்டியில எத்தனை மீன் இருக்கு, எண்ணிச் சொல்லு."

"நூறு" என்றாள் சுண்டு. எங்களை நோக்கித் திரும்பி, சரியாகத்தானே செய்கிறேன் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளை சொன்ன பேச்சைத் தட்டவில்லை, வேறென்ன செய்தது?

தலைமை ஆசிரியை சங்கடத்தோடு எங்கள் பக்கம் வந்தார். "பரவாயில்லம்மா. அவசரம் இல்ல. அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க."

"மேடம், அவளுக்கு... நேத்து லேசா காய்ச்சல். சரியா தூங்கல" என்றாள் என் தம்பி மனைவி.

காய்ச்சலாம்! முந்தின நாள் மாலை என் கடையில் துணி மூட்டை மேல் ஏறிக் குதித்த பிள்ளை. அந்த நொடியில் அவள் மேல் எனக்கு வந்த வெறுப்பை எழுதினால் காகிதம் கருகிவிடும். பெற்ற பிள்ளை மக்கு என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை, தன் பவிசு குலையக் கூடாது. நான் அவள் காதருகே குனிந்தேன்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவளே சொல்லிவிட்டாள். சிரிப்பு இல்லாமல் சொன்னாள். "காய்ச்சல் இல்ல மேடம். அவளுக்கு எல்லாம் தெரியும். முதல்ல தப்பா சொல்லணும்னு நான்தான் பழக்கி வச்சிருக்கேன். வீடியோவுக்காக."

"எல்லாமே அப்படித்தானா?" என்று கேட்டார் தலைமை ஆசிரியை.

"எல்லாமே."

அந்த அம்மாளின் முகம் தொங்கிப்போயிற்று. தன் ஆசிரியைகளுக்கெல்லாம் காட்டியவர் அல்லவா? ஆனாலும் நல்ல மனுஷி. "சரி, குழந்தைகிட்ட சொல்லுங்க. இன்னொரு தடவை கேக்கறேன்" என்றார்.

அவள் போய் மகள் முன்னால் மண்டியிட்டாள். "சுண்டு, இன்னிக்கு வீடியோ இல்லடா. தெரிஞ்சதை நேரா சொல்லு."

சுண்டு அம்மாவின் தலைக்கு மேலே அறையைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரி மேல், ஜன்னல் ஓரம், மேஜையடியில்.

"ஸ்டாண்டு எங்க வச்சிருக்க?"

"ஸ்டாண்டு கொண்டு வரலடா. சத்தியமா."

"அன்னிக்கும் இல்லன்னு சொன்ன. கர்ட்டனுக்குப் பின்னாடி வச்சிருந்த."

இது எனக்கே புதுச் செய்தி. என் தம்பி மனைவி மளமளவென்று வந்து என் தோளிலிருந்த பையைத் திறந்து, போனை எடுத்து அணைத்து, தலைமை ஆசிரியையின் மேஜைமேல் வைத்துவிட்டு மறுபடி மகள் முன்னால் மண்டியிட்டாள். "பாரு, அணைச்சாச்சு. இப்போ சொல்லு. இந்தப் பென்சில் என்ன கலர்?"

சுண்டு போனைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "பச்சை" என்றாள்.

"ஐயோ, சுண்டு!"

"அம்மா வெளிய போகட்டும், அப்போ சொல்றேன்" என்றாள் சுண்டு தலைமை ஆசிரியையிடம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் எனக்கு ஈரச் சட்டையைப் பற்றிச் சொன்னாளே, அதே குரல்.

என் தம்பி மனைவி எழுந்தாள். நானும் அவளோடு வெளியே வந்தேன். நடையில் பிள்ளைகளின் மழைக்கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. கதவு சரியாகச் சாத்தவில்லை, உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது.

"சிவப்பு."

"நாலு கால்."

ஒவ்வொரு கேள்விக்கும் இவள் வாய் தானாகத் திறந்தது. 'நல்லா யோசிச்சுப் பாரு' என்று சொல்லத்தான், சத்தம் வராமல். அது முடிவதற்குள் உள்ளே பிள்ளை பதில் சொல்லி முடித்துவிடும்.

"தொட்டியில எத்தனை மீன்?"

"அஞ்சு."

"நாலுதானம்மா?"

"இல்ல, அஞ்சு. ஒண்ணு கல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு. எப்பவும் அங்கதான் இருக்கும்."

உள்ளே தலைமை ஆசிரியை எழுந்துபோய்த் தொட்டியைப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சிரித்தார்.

"நான் அந்த அஞ்சாவது மீனைப் பார்த்ததே இல்ல அண்ணி" என்றாள் என் தம்பி மனைவி.

'நீ எதைத்தான் பார்த்தாய்?' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் மேலிருந்த எரிச்சல் எனக்குத் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் அவள் மழைக்கோட்டுகளுக்கு நடுவே சுவரோடு ஒட்டி நின்ற நிலையில் சொல்ல மனசு வரவில்லை. பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

கதவு திறந்தது. "இடம் கொடுத்தாச்சு" என்றார் தலைமை ஆசிரியை. "போன் மேஜைமேல இருக்கு, வந்து எடுத்துக்கோங்க." அவள் எடுக்கப் போகவில்லை. குனிந்து இரண்டு கைகளையும் விரித்தாள்.

சுண்டு வாசலிலேயே நின்றாள். முதலில் அம்மாவின் வலது கையைப் பார்த்தாள். பிறகு இடது கையைப் பார்த்தாள். இரண்டும் காலி என்று தெரிந்த பிறகுதான் ஓடி வந்தாள்.