தாராளம் வைத்த எண்ணெய்

என் தங்கச்சி புருஷனுக்குக் கடைத்தெருவில் தாராளம் என்று பேர். புகழ்ந்து வைத்த பேர் இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்தால் சட்டைக் காலர் வரை வழியும். கதவுக் கீலுக்கு விட்டால் தரையில் குளம் கட்டும். அந்த ஆளைத்தான் என் வாட்ச் கடையில், என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். தங்கச்சி அழுதாள், வேறென்ன செய்ய.

சாவி கொடுக்கிற வாட்சுக்குள் ஒரு பல்சக்கரம் இருக்கிறது. அது தலைதெறிக்க ஓடிவிடாமல், ஒவ்வொரு பல்லாகப் பிடித்துப் பிடித்து விட ஒரு நங்கூரம். நங்கூரத்தின் இரண்டு முனையிலும் சிவப்புக் கல். எண்ணெய் அந்தக் கல்லின் முகத்துக்கு மட்டும்தான், அதுவும் லென்ஸ் போட்டால்தான் தெரிகிற அளவு. நங்கூரம் ஆடுகிற அச்சு காய்ந்தே இருக்க வேண்டும். தாராளத்துக்கு இது கஞ்சத்தனமாகப் பட்டது.

"நம்மள நம்பி வந்த மனுஷன, இப்படிக் காயப் போட்டா அனுப்புறது, மச்சான்?"

எண்ணெய் வைக்கிற ஊசியையும் ஆள் சும்மா விடுவதில்லை. அதை வைத்தே காது குடைவார். வந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பேண்டில் துடைத்துவிட்டு எண்ணெயில் முக்குவார். ஒருமுறை பார்த்துவிட்டேன், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிசுபிசுவென்று வாட்சுகள் திரும்பி வந்தன. தங்கச்சியை வைத்துக்கொண்டே சொன்னேன்: "இன்னும் ஒண்ணு வந்துச்சு, ஸ்டூல் தெருவுக்குப் போயிடும்." அவள் முகம் செத்துவிட்டது. அவள் வீட்டில் துணி தைத்துப் பிழைக்கிறவள். ஆள் வீட்டோடு இருந்தால் அவள் மிஷினுக்கும் எண்ணெய் விடுவார். ஏற்கெனவே ஒரு பட்டு ரவிக்கை நாசம்.

அப்புறம்தான் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற பியூனின் வாட்ச் வந்தது. என் கண் முன்னால் ஆள் கல்லுக்கு அளவாகத்தான் வைத்தார். நான் நம்பி டீ குடிக்கப் போனேன்.

மறுநாளே பியூன் கத்திக்கொண்டு வந்தார்.

"வாட்சா இது, ரேஸ் குதிரையா? பாதிப் பாடத்துல சாப்பாட்டு மணி அடிச்சிட்டேன்! பசங்க என்னைத் தோள்ல தூக்காத குறை. பெரிய டீச்சர் என்னைத் தூக்கி வெளிய போடாத குறை!"

பின்மூடியைத் திறந்தேன். அச்சில் விட்ட எண்ணெய் ஊர்ந்து போய், முடி மாதிரி இருக்கிற சுருள் வில்லை நனைத்து, சுற்றோடு சுற்றை ஒட்ட வைத்திருந்தது. ஒட்டினால் வில் குட்டையாகும், வாட்ச் பறக்கும். எண்ணெயில் மஞ்சளாக ஒரு துணுக்கும் மிதந்தது. அது என்ன என்று என்னைக் கேட்காதீர்கள்.

"நான் டீக்குப் போனப்ப என்ன பண்ணீங்க மாப்பிள்ளை?"

"கொஞ்சம் கூட வச்சேன் மச்சான். பாவம், தினம் மணி அடிக்கிற கை."

ஸ்டூலைத் தூக்கித் தெருவில் வைத்தேன். ஆள் கூச்சமே இல்லாமல் அங்கேயும் போய் உட்கார்ந்துகொண்டார்.

சாப்பாட்டுக் கூடையோடு வந்த தங்கச்சி, தெருவில் புருஷனைப் பார்த்தாள். கூடையை என் மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே, கல்யாணத்துக்குன்னு ஒருத்தங்க குடுத்த வெள்ளைத் துணிய மிஷின்ல போட்டிருக்கேன். இவர் அங்க வரக் கூடாது. கடையில வேண்டாம்னா உன் வீட்டுல வச்சுக்கோ. அண்ணி பாத்துக்குவாங்க."

என் பெண்டாட்டியின் சமையல்கட்டில் இந்த ஆளை நினைத்துப் பார்த்தேன். நானே போய் ஸ்டூலை உள்ளே கொண்டுவந்தேன்.

இப்போது பிரித்துக் கழுவுவது மட்டும் தாராளத்தின் வேலை. கழுவுவதில் குறை சொல்ல முடியாது. ஊசி என் சட்டைப் பையில். பியூனின் வாட்சுக்கு நான்தான் எண்ணெய் வைக்கிறேன். கண்ணில் லென்ஸ், கையில் ஊசி, மூச்சை அடக்கியிருக்கிறேன். பச்சை வெங்காய வாயோடு ஆள் என் தோள்மேல் குனிகிறார்.

"இன்னும் துளியூண்டு, மச்சான். பாவம்."

திட்டக்கூட வாயைத் திறக்க முடியவில்லை, கை ஆடிவிடும்.