வெள்ளைத் தாளோடு ஒரு படம்

கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

உள்ளறையில் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்த கேமராக்காரரின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. கணவனைப் பறிகொடுத்து இரண்டு மாதம்கூட நிறையாத ஒரு பெண் சிரிக்கிறாள். அழுதிருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும். அழுகைக்கு ஆறுதல் சொல்லலாம். இந்தச் சிரிப்புக்கு என்ன சொல்வது?

"அந்த மனுஷன் பண்ற கூத்தைக் கேளும்மா," என்று வந்திருந்த அந்தப் பெண் கேமராக்காரரின் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நாற்காலி போடப் போறவருக்கு எதுக்குங்க இஸ்திரி போட்ட சட்டைன்னு கேட்பேன். 'உனக்கு என்னடி தெரியும், விழாவுல முதல் படமே என்னோடதுதான். தலைவரே எனக்கு அப்புறம்தான்'னு காலரைத் தூக்கி விட்டுக்குவாரு. ஒவ்வொரு தடவையும் இதே பெருமைதான்."

"இருங்கக்கா, தேடிக்கிட்டுதான் இருக்காரு," என்றாள் மனைவி.

"மெதுவாத் தேடட்டும். எத்தனையோ இருக்கும், அதுல எதைக் கொடுக்கிறதுன்னு அவருக்கே குழப்பமா இருக்கும். எனக்கு ஒண்ணு போதும். வீட்டுல இருக்கிறது எங்க கல்யாணப் படமும் அடையாள அட்டைப் படமும்தான். அந்த அட்டையில இருக்கிறது யாருன்னு அவருக்கே சந்தேகம். பொண்ணு வெளிநாட்டுல பிரசவமாகி படுத்திருந்தா, கடைசி முகம் பார்க்கக்கூட வர முடியல. 'அப்பா படம் ஒண்ணு அனுப்பும்மா, பெருசாப் போட்டு பிள்ளைக்குக் காட்டணும்'னு தினமும் கேக்கறா."

கேமராக்காரருக்கு நெற்றியில் வியர்த்தது. மின்விசிறி தலைக்கு மேல் முழு வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

அவரிடம் அந்தப் படங்கள் இல்லை. எல்லாவற்றையும் அவரே அழித்திருந்தார்.

வார நாட்களில் அவர் ஒரு பெயிண்ட் கடையில் வண்ணம் கலப்பவர். யாராவது ஒரு துணித் துண்டையோ சுவரிலிருந்து பெயர்ந்த சில்லையோ கொண்டுவந்து நீட்டினால், அதே நிறத்தை டப்பாவில் இறக்கிக் கொடுத்துவிடுவார். ஆனாலும் அங்கே அவரை யாரும் பெயர் சொல்லித் தேடியதில்லை. "என்னப்பா, இன்னும் ஆகலையா?" என்பதுதான் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒரே விசாரிப்பு.

ஞாயிற்றுக்கிழமையில் கதையே வேறு. மைத்துனன் ஆசையாக வாங்கி, கற்றுக்கொள்ளப் பொறுமையில்லாமல் இவர் தலையில் கட்டிவிட்டுப் போன கேமரா கழுத்தில் ஏறியதும் அவர் முதுகு நிமிர்ந்துவிடும். ரத்த தான முகாம், கண் பரிசோதனை, ஊனமுற்றோருக்குச் சக்கர வண்டி கொடுக்கும் விழா, மரக்கன்று நடுதல் என்று எதுவானாலும் நலச் சங்கத்துச் செயலாளர், "கேமரா வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மைக்கைக் கையில் எடுப்பார். கைம்மாறு கருதாத சேவை என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அவரும் அதை நம்பினார். ஆனால் அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் ஓடி ஓடிப் போனார் என்பது அவர் மனசுக்கு மட்டும் தெரியும். அவர் வராமல் தொடங்காத காரியம் உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

அவருக்கும் முன்னால் மண்டபத்துக்கு வந்துவிடுகிற ஆள் ஒருவர் உண்டு. பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலி அடுக்கைத் தோளோடு சேர்த்து அணைத்துத் தூக்கி வருவார். வரிசையாகப் போடுவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்திலிருந்து பார்த்து, கோணலாக இருப்பதைக் காலால் ஒரு தட்டு தட்டி நேராக்குவார். நாற்காலி அண்ணன் என்றே அவருக்குப் பெயராகிவிட்டது. அவரும் சம்பளம் வாங்காத தொண்டர்தான். ஆனால் யாரும் அவரைத் தொண்டர் என்று சொன்னதில்லை. நாற்காலிகள் தாமாகவே நடந்து வந்து நின்றுகொண்டதைப் போலத்தான் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள்.

அந்த மண்டபத்து விளக்கு வெளிச்சத்தில் படம் எடுத்தால் முகங்களெல்லாம் காமாலை கண்ட மாதிரி மஞ்சளாக விழும். வண்ணம் கலக்கிறவரின் கண்ணுக்கு அது பொறுக்காது. அதனால் சங்கத் தலைவர் வருவதற்கு முன்னால், யாரையாவது ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்துப் பார்ப்பார். தாள் வெள்ளையாகத் தெரியும்படி கேமராவைத் திருத்திவிட்டால் அப்புறம் முகங்கள் முகங்களாக வரும். சோதனைப் படம்தான். ஒரு நிமிடத்து வேலை.

அந்த 'யாராவது' எப்போதும் நாற்காலி அண்ணன்தான்.

"அண்ணே, ஒரு நிமிஷம் மேடைக்கு வாங்க."

அண்ணன் கையிலிருக்கும் நாற்காலியை இறக்கிவிட்டு, கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு ஏறி வருவார். தாளை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடிப்பார்.

"சிரிக்கட்டுமா தம்பி?"

"உங்க இஷ்டம்ணே."

அவர் படி இறங்குவதற்குள் கேமராக்காரரின் கட்டைவிரல் அந்தப் படத்தை அழித்திருக்கும். பிறகு விழா தொடங்கும். அப்போது அண்ணனுக்கும் அவருக்கும் ஒரே ஒரு பேச்சுதான். "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படத்துல விழறீங்க." அண்ணன் உடனே தள்ளி நிற்பார். ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை.

இப்போது கணினித் திரையில் அத்தனை விழாக்களும் வரிசையாக நின்றன. ஒவ்வொரு விழாவுக்கும் படங்களை ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவது அவர் வழக்கம். அவர் ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்தார். முதல் படத்தின் எண் இரண்டு. அடுத்ததைத் திறந்தார். அதிலும் இரண்டு. இன்னொன்றில் மூன்று. அன்று அண்ணன் கண்ணை மூடிவிட்டாரென்று நினைத்து இன்னொரு படம் எடுத்திருக்க வேண்டும். திறந்த எந்த விழாவிலும் எண் ஒன்று இல்லை. நாற்காலி அண்ணன் வீட்டில் சொன்னது சத்தியம். முதல் படம் அவருடையதுதான். திறந்த கோப்புறையிலெல்லாம் அந்த முதல் இடம் பல் விழுந்த ஈறு மாதிரி காலியாகக் கிடந்தது.

மற்ற படங்களில் தேடினார். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை. தலைவரின் தோளுக்குப் பின்னால் பாதி முதுகு. நாற்காலியைப் பற்றியிருக்கும் நாலு விரல். முகம் எங்கேயும் இல்லை. தள்ளி நிற்கச் சொன்னால் அண்ணன் ஒழுங்காகத் தள்ளி நின்றிருக்கிறார்.

கூடத்தில் பேச்சு தொடர்ந்தது.

"அப்புறம் இன்னொண்ணு. அவருக்கு சர்டிபிகேட் எழுதித் தர்றதாச் சொல்லியிருந்தாங்களாம். வெறும் பேப்பரைக் கையில கொடுத்து முதல்ல படம் எடுத்துடுவாங்களாம், எழுதறது அப்புறமாம். பெரிய இடத்துல எல்லாம் அப்படித்தான் பண்ணுவாங்கன்னு எனக்கு விளக்கம் வேற. அதுவும் எழுதி முடிஞ்சிருந்தா இன்னிக்கே வாங்கிட்டுப் போயிடலாம்னு பார்த்தேன்."

கேமராக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் அந்தக் காட்சி அப்படியே விரிந்தது. அது ஆரம்ப காலம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அண்ணன் கேட்டார், "எதுக்குத் தம்பி இது?" பக்கத்தில் செயலாளரும் இன்னும் சிலரும் நின்றுகொண்டிருந்தார்கள். நாலு பேர் சிரிக்கட்டுமே என்று இவர் சொன்னார். "உங்களுக்குத்தாண்ணே, சர்டிபிகேட். இப்போ படம், எழுதறது அப்புறம்." எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். சிரித்ததால் அவருக்கும் புரிந்துவிட்டது என்றல்லவா இவர் நினைத்தார். அந்தப் பாவி மனசு ஒரு நொடிகூட அதற்குப் பிறகு அதைப் பற்றி யோசிக்கவில்லையே.

கடைசியாக ஒரு கோப்புறை மிச்சமிருந்தது. அண்ணன் உயிரோடு இருந்தபோது நடந்த கடைசி ரத்த தான முகாம். அன்று தலைவர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து இறங்கிவிட்டார். "கேமரா, கேமரா" என்று செயலாளர் கத்த, இவர் வாசலுக்கு ஓடினார். சோதனைப் படத்தை அழிக்க அன்று நேரமிருக்கவில்லை.

அதைத் திறந்தார்.

எண் ஒன்று இருந்தது.

மஞ்சள் படிந்த மேடை. பின்னால் பாதி கட்டிய பேனர். நடுவில் நாற்காலி அண்ணன். இஸ்திரி மடிப்பு கலையாத நீலச் சட்டை. இரண்டு கையாலும் வெள்ளைத் தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கல்லூரியில் பட்டம் வாங்குகிற பிள்ளையைப் போல நெஞ்சை நிமிர்த்தி நின்றார். சிரிக்கட்டுமா என்று கேட்டு அனுமதி வாங்கிய சிரிப்பு முகத்தில் இருந்தது.

கேமராக்காரர் திரையருகே குனிந்தார். அடுத்த கணமே அவருக்குள் ஒரு யோசனை ஓடியது. அந்த வெள்ளைத் தாளில் எழுத்தை ஏற்றிவிட்டால் என்ன? அவருக்குத் தெரிந்த வித்தைதான். நிறத்தைச் சரிசெய்தார். பிறகு விசைப்பலகையில் தட்டினார். 'பாராட்டுச் சான்றிதழ்.' தாளின் சாய்வுக்கு ஏற்ப எழுத்தைச் சாய்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. அசலேதான்.

காலி டம்ளரோடு உள்ளே வந்த மனைவி அவருக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். எந்தக் கிறுக்கலையும் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடுவாள்.

"இது எப்போ கொடுத்தாங்க?"

அவர் எழுத்தின் சாய்வை இன்னும் கொஞ்சம் திருத்தினார்.

"ஏங்க, உங்களைத்தான்."

"கொடுக்கல. சும்மா வெள்ளைப் பேப்பர். வெளிச்சம் சரியா இருக்கான்னு பார்க்க." அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். "மத்ததெல்லாம் அழிச்சுட்டேன். இது ஒண்ணுதான் தப்பிச்சிருக்கு."

அவள் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"செத்தவர் கையில பொய்யைத் திணிக்கிறீங்களே," என்றாள் தணிந்த குரலில். "இதை வாங்கிட்டுப் போய் அந்த அக்கா, அசல் எங்கேன்னு செயலாளர் வீட்டு வாசல்ல போய் நிப்பாங்க. அவரு பின்னால திரும்பிச் சிரிப்பாரு. அதையும் நீங்க படம் எடுப்பீங்களா?"

டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

அவர் எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தார். இத்தனை காலம் ஒரே தட்டில் அழித்துப் பழகிய விரலுக்கு இந்த அழிப்பு மட்டும் பாரமாக இருந்தது. அச்சுப்பொறி முனகிக்கொண்டே படத்தைத் துப்பியது. இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

அக்கா கையை மடியில் துடைத்துவிட்டு நீட்டினார். வெகு நேரம் பார்த்தார். விரல் அந்த நீலச் சட்டையின் மடிப்பை மேலிருந்து கீழாகத் தடவியது.

"நான் தேச்ச சட்டை," என்றார். "கை மடிப்புல ஒரு இடம் கருகிடுச்சு. அதை மறைச்சுக்கிட்டு நிக்கறாரு பாருங்க."

பிறகு விரல் வெள்ளைத் தாளுக்கு நகர்ந்தது.

"எழுத்து தெரியலையே தம்பி. வெளிச்சம் அடிச்சிடுச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்காவே கேள்வியும் கேட்டு, பதிலையும் கையில் கொடுத்துவிட்டார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"அதுல எழுத்தே இல்லக்கா. வெறும் பேப்பர். விளக்கு வெளிச்சம் பார்க்கறதுக்காக அண்ணனை நிக்க வைப்பேன். பார்த்ததும் அழிச்சிடுவேன். ஒவ்வொரு விழாவுலயும் அப்படித்தான். சர்டிபிகேட்டுன்னு சொன்னது... நான் விளையாட்டாச் சொன்னதுக்கா."

அக்கா படத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவருக்கு விளையாட்டாப் பேச நல்லா வரும்," என்றார் அக்கா கடைசியில். "விளையாட்டைக் கேட்டா மட்டும் தெரியாது. கல்யாணமான புதுசுல உங்களுக்குப் பாட வருமான்னு கிண்டல் பண்ணினேன். விடிய விடியப் பாடினாரு."

சிரிக்கத்தான் பார்த்தார். பாதியிலேயே உதடு கோணியது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். கேமராக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சுவரில் அவர் எடுத்த படங்களுக்காகச் சங்கம் கொடுத்த பாராட்டுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அக்காவும் அதைப் பார்த்தார்.

"அவருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். "அழிச்சிட்டீங்கன்னு?"

"தெரியாதுக்கா."

"அப்ப சரி."

"பேப்பர் தெரியாம, முகத்தை மட்டும் வெட்டிப் பெருசாப் போட்டுத் தரட்டுமாக்கா?"

"வேணாம் தம்பி. போதும், நிறைய வெட்டியாச்சு." அவர் குரலில் கோபம் இல்லை. "இப்படியே இருக்கட்டும். பொண்ணுகிட்ட நான் சர்டிபிகேட்னே சொல்லிக்கறேன். அவ போன் பண்ணிக் கேட்டா நீங்களும் அப்படித்தான் சொல்லணும். அவ அப்பா அவளுக்கு அப்படித்தான் சொல்லியிருக்காரு."

சற்று முன் அழித்த பொய்யை, இப்போது காலமெல்லாம் சுமக்கச் சொல்லி அவர் தலையில் தூக்கி வைத்துவிட்டார் அந்தப் பெண்மணி. கேமராக்காரர் தலையை ஆட்டினார்.

மனைவி ஈரக் கையோடு வந்து, கசங்காமல் இருக்க ஒரு பழைய காலண்டர் அட்டையில் வைத்துப் படத்தைச் சுற்றிக் கொடுத்தாள். அக்கா அதை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.

"வீடு வரைக்கும் நான் வர்றேன்க்கா," என்று கேமராக்காரர் முந்திக்கொண்டு வாசலுக்குப் போனார். மன்னிப்பு என்ற சொல் அவர் நெஞ்சில் கிடந்து தவித்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கதவுக்கு முன்னால் மரமாக நின்றார்.

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி," என்றார் சாதாரணமாக. "கதவைத் திறக்கணும்."

அவர் சுவரோடு ஒட்டித் தள்ளி நின்றார். படிகளில் செருப்புச் சத்தம் மெதுவாக இறங்கித் தேய்ந்தது. மனைவி கைநீட்டிக் கதவைச் சாத்தினாள். அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.