வண்டிக்குக் கீழே ஒரு கறுப்புப் பொட்டு

மோட்டார் சைக்கிள் திருத்துவது கையால் செய்கிற வேலை என்று நினைப்பார்கள். பாதி வேலை குனிந்து தரையைப் பார்ப்பதுதான். எண்ணெய் ஒழுகாத வண்டி வைத்திருந்தவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். விடிய எழும்பி முகம் கழுவுவதற்கு முதல் வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்தவர்கள் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

கிளிநொச்சியில் எனக்கு ஓர் ஒழுங்கான கராச் இருந்தது. இடம்பெயர்ந்து ஜெயபுரத்துக்கு வந்தபோது மிஞ்சியது ஸ்பனர்ப் பெட்டி மட்டும். பாலை மரமொன்றின் கீழே தறப்பாளைக் கட்டிக்கொண்டு தொழிலைத் தொடங்கினேன். போரால் வன்னிக்குள் பெற்றோல் வராத காலம். நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். எஞ்சின் எண்ணெயும் உதிரிப்பாகமும் தாண்டிக்குளத்து ஆமிச் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டன. வண்டிகள் மட்டும் இந்தப் பக்கத்தில் நின்றன.

செயினில் ஒரு மினுக்கம்

முத்தையா அண்ணை மலைநாட்டுத் தோட்டமொன்றில் பிறந்து, கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து, ஜெயபுரத்தில் காடு வெட்டிக் கச்சான் கடலை போட்டவர். கச்சான் நன்றாக விளைந்த ஒரு வருடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அவருடைய ஒழுங்கையில் ஓடக்கூடிய வண்டி அது ஒன்றுதான். ஒருநாள் காலையில் அதை உருட்டிக்கொண்டு வந்தார். முற்றத்து மணலில் கறுப்பாக ஒரு பொட்டுக் கிடந்ததாம். கோழி ஏதோ செய்துவிட்டது என்று மனைவி கூட்டிவிட்டாராம். அடுத்த நாளும் அதே இடத்தில் அதே பொட்டு.

குனிந்து பார்த்தேன். எஞ்சினில் இருந்து ஒரு தண்டு வெளியே வந்து செயினைச் சுழற்றுகிறது. தண்டு வெளியே வரவேண்டும், எண்ணெய் உள்ளே நிற்கவேண்டும். இரண்டையும் பிரித்து வைப்பது ஒரு சின்ன றப்பர் வளையம். சீல் என்று சொல்லுவோம். அது காய்ந்து வெடித்திருந்தது. புதிதாகப் போட என்னிடம் இல்லை, முல்லைத்தீவு வரைக்கும் தேடினாலும் இல்லை.

அப்போதுதான் அவர் மகள் செல்வராணியைப் பற்றிச் சொன்னார். முதல் பிள்ளையை வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்களாம். அடுத்தது மாசி மாதம். வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது, பிள்ளைப்பேற்று நோக் கண்டதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று மருத்துவிச்சி மிஸ்ஸி சொல்லிவிட்டாவாம். ஆஸ்பத்திரி மல்லாவிப் பக்கம். முழங்காவில், வெள்ளாங்குளம், துணுக்காய் என்று கிரவலும் குழியுமாகப் போகிற பாதை. மருமகன் வவுனியாவுக்குப் போனவன் திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே நின்றுவிட்டான். ஆக, மாசி வரைக்கும் இந்த வண்டி ஓட வேண்டும். எத்தனை நாளாக ஒழுகுகிறது என்று கேட்டேன். செயினைத் தடவிக் காட்டினார்.

“செயினு பளபளன்னு இருந்திச்சுங்க தம்பி. எண்ணெ போடுற வேல மிச்சம்னு சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தேன்.”

சிரட்டை

ஒழுகுகிற எண்ணெயை மண்ணுக்குக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? வன்னியில் எல்லாரும் செய்ததையே முத்தையா அண்ணையும் செய்தார். நல்ல தேங்காய்ச் சிரட்டை ஒன்றை எடுத்து, மூன்று பக்கமும் துளை போட்டு, கம்பியால் எஞ்சினுக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டார். பின்னேரம் வீடு வந்ததும் சிரட்டையைக் கழற்றி, மனைவியின் பழைய சேலைத் துண்டில் எண்ணெயை வடித்துத் திரும்ப எஞ்சினுக்குள் ஊற்றுவார். பாதை மணலில் பாதி சிரட்டைக்குள் வந்துவிடும். சேலைத் துண்டு அதைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

சிரட்டை ஆடிக்கொண்டு போவதைக் கண்டு சிரிக்காதவர்கள் இல்லை. பல்லவராயன்கட்டுச் சந்தியில் கள் இறக்கும் சீவல்காரர் ஒருவர் தன் முட்டிகளோடு இவருடைய வண்டியை மறித்தார். குனிந்து சிரட்டையைப் பார்த்தார். தொழில் தெரிந்தவர் மாதிரித் தலையாட்டிவிட்டுக் கேட்டாராம்.

“உங்கட மரம் காலமையும் பின்னேரமுமோ, இல்லாட்டி ஒரு நேரந்தான் இறங்குதோ?”

செருப்பு

றப்பர் வளையம் இல்லையென்றால் றப்பர் இருக்கிறதே என்று யோசித்தேன். முத்தையா அண்ணை தன் செருப்பைக் கழற்றித் தந்தார். வலது கால் செருப்பின் குதிப் பக்கத்தில் வட்டமாக வெட்டி, நடுவில் துளைத்து, தேய்த்துத் தேய்த்துத் தண்டுக்கு அளவாக்கினேன். அரை நாள் வேலை. போட்டதும் ஒழுக்கு நின்றுவிட்டது. அவர் மறுகால் செருப்பை வண்டியில் கொழுவிக்கொண்டு வெறுங்காலோடு சந்தோசமாகப் போனார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். எண்ணெயில் ஊறினால் செருப்பு றப்பர் பொருமிப் பெருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. இது கொஞ்சம் தாங்கும் என்று நினைத்தேன். கழற்றும்போது ஊறிய பாண் துண்டு மாதிரிக் கையோடு வந்தது. அவர் அதை வாங்கிக் குதிகாலில் வைத்துப் பார்த்தார்.

“இங்கயே இருந்திருந்தா இன்னும் ரெண்டு வருசம் ஒழச்சிருக்கும்.”

கையில் கட்டிய நூல்

ஜெயபுரத்தில் கமலா ரீச்சர் என்று ஒருவர் படிப்பித்தார். தாயின் கண் ஒப்பரேசனுக்காக வவுனியாவுக்குப் போகப் பாஸ் கிடைத்திருந்தது. சீல் ஒன்று கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். செல்வராணியை அவவுக்குத் தெரியும். அதனால் ஓமென்று சொன்னா.

அளவை எப்படிக் கொடுத்தனுப்புவது? பழைய றப்பர்ச் சீலைக் கொண்டுபோனால் சாவடியில் பிடிபடும். கடதாசியில் வட்டம் கீறி இலக்கம் எழுதினால் அது இன்னும் ஆபத்து; குண்டுக்குப் படம் கீறியதென்று பிடித்தால் எங்கே முடியும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே பழைய சீலின் வெளிச்சுற்றை ஒரு பருத்தி நூலால் அளந்து, இரண்டு முடிச்சுப் போட்டேன். ரீச்சர் அதில் மஞ்சள் பூசி மணிக்கட்டில் கட்டிக்கொண்டா. தாண்டிக்குளத்தில் பெண் பொலிஸ் அதைப் பிடித்து இழுத்து என்னவென்று கேட்டபோது, அம்மன் கோயில் நூல் என்று சொல்லியிருக்கிறா. வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. அவர்களில் பாதிப் பேர்தான் பிறகு வவுனியாவில் அவவோடு ஒரே மண்டபத்தில் தங்கியவர்கள்.

மூன்று கிழமை கழித்துக் கொண்டைக்குள் சீலோடு வந்தா. தலைமயிரை அவிழ்த்து எடுத்துத் தந்தபோது என் மனைவி கை தட்டினாள். போட்டுப் பார்த்தேன். மயிரிழை சின்னன். துளைக்குள் இருந்துகொண்டு ஆடுகிறது. நூலை வாங்கி அளந்தேன். அது சுருங்கியிருந்தது. கிணற்றடியில் நாள்தோறும் நனைந்து காய்ந்த நூல் சுருங்காமல் என்ன செய்யும்? கழற்றி வைக்கவில்லையா என்று கேட்டேன்.

“அம்மன் நூலெண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டு, குளிக்கேக்க எப்படியண்ணை கழட்டுறது?”

வண்டி கறந்தது

சின்னச் சீலை எறிய மனமில்லை. முத்தையா அண்ணையிடம் சயரோகத்துக்கு எடுத்த பழைய நெஞ்சுப் படமொன்று இருந்தது. அந்த எக்ஸ்றேயின் ஓரத்தில் நாடாபோல வெட்டிச் சீலைச் சுற்றி இறுக்கினேன். ஒழுக்கு முழுதாக நிற்கவில்லை, குறைந்தது. சிரட்டை நிறைய ஒரு கிழமை எடுத்தது.

தை மாதம் நடுவில் அவர் சிரித்துக்கொண்டு வந்தார். சிரட்டை எண்ணெயைத் திரும்ப ஊற்றவே தேவையில்லையாம். ஒழுகினாலும் எஞ்சினில் எண்ணெய் குறையவில்லையாம், கூடியிருக்கிறதாம். அளவு பார்க்கிற கம்பியை இழுத்துக் காட்டினார். உண்மைதான். முழு அளவுக்கும் மேலே நின்றது. நான் ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது. மணந்து பார்த்தேன்.

நண்பர்களே, மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கு இது புரியும். மண்ணெண்ணெய் முழுதாக எரிவதில்லை. எரியாத மிச்சம் எஞ்சினின் சுவரால் வடிந்து கீழே எண்ணெயோடு கலந்துவிடும். அளவு கூடும், வழுவழுப்புப் போய்விடும். மெலிந்த எண்ணெய் ஒழுகவும் செய்யும், தேய்கிற இடத்தைக் காக்கவும் செய்யாது. இதை அவருக்கு ஆறுதலாக எடுத்துச் சொன்னேன். வேறு எண்ணெய் மாற்ற வேண்டும் என்றேன். எங்கே இருக்கிறது என்று கேட்டார். எனக்கும் தெரியாது. அவர் கம்பியைத் திரும்பச் செருகினார்.

“நம்ம வண்டி கறக்குதுன்னு வீட்ல சொல்லிட்டு வந்தேன் தம்பி. பாலு கலப்புன்னு போய்ச் சொல்றேன்.”

சுறா எண்ணெய்

நாயாற்றில் இருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் பக்கம் மீன் விற்றுத் திரிந்த யோகன் ஒரு யோசனை சொன்னான். சுறா ஈரல் எண்ணெய். தன் வண்டிக்கு அதைத்தான் ஊற்றுகிறானாம். அவனுடைய வண்டியைக் கேட்டுப் பார்த்தேன், சத்தம் மோசமில்லை. ஆனால் சூடேறினால் அரை மைலுக்கு மணக்கும். அவன் நிறுத்துகிற இடமெல்லாம் பூனைகள் வந்து எஞ்சினைச் சுற்றி இருந்தன. ஒரு போத்தல் சும்மாவே தருகிறேன் என்றான். எனக்கும் நம்பிக்கை இல்லை, என்றாலும் முத்தையா அண்ணையைக் கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பூனைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“புள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டுப் போற வண்டிங்க. பின்னால பூன வரவேணாம்.”

காய்ச்சல்

மிஞ்சியது ஒரு வழிதான். கலந்த எண்ணெயை வடித்தெடுத்து மெல்லிய சூட்டில் வைத்தால் மண்ணெண்ணெய் கொஞ்சம் ஆவியாகப் போகும். எண்ணெய் கொஞ்சம் தடிக்கும். நெருப்புப் பிடித்தால் தறப்பாள் கொட்டிலும் போகும். பழைய அலுமினியச் சட்டி ஒன்றை மணலுக்கு மேல் வைத்து, கீழே தணல் மட்டும் போட்டு, ஒரு பகல் முழுக்கக் காவலிருந்தேன். முத்தையா அண்ணை ஈரச் சாக்கோடு பக்கத்தில் நின்றார். பின்னேரம் தொட்டுப் பார்த்தேன். பரவாயில்லை. நல்லதென்று சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்வரத் தாங்கும், வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள், அதுவரைக்கும் வேறெங்கும் ஓட வேண்டாம் என்று சொல்லி ஊற்றிக் கொடுத்தேன். அவரும் வண்டியை வீட்டுக்குள் ஏற்றிச் சாக்கால் மூடிவைத்தார்.

நிவாரண அரிசி வராத கிழமை அது. என் மனைவி வாசலில் நின்று சட்டியை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்தாள்.

“இந்த வீட்டில இண்டைக்குச் சமைச்சது இது ஒண்டுதான்.”

ஒரு சொட்டும் இல்லை

மாசி பிறந்து சில நாளில், மதியம் திரும்பியதும் செல்வராணிக்கு நோக் கண்டது. முத்தையா அண்ணை முன்னால், மகள் நடுவில், மனைவி பின்னால் இருந்து மகளைப் பிடித்தபடி. போகும்போது என் கொட்டிலடியில் சத்தத்தைக் கேட்டேன். நல்லாகத்தான் கேட்டது. முழங்காவிலில் நிறுத்தி எஞ்சினை ஆறவிட்டாராம். மகள் அழுதாளாம். அதனால் இரண்டாவது இடத்தில் நிறுத்தவில்லையாம். வெள்ளாங்குளத்துக்கு இந்தப் பக்கம் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. மகளை இறக்காமல், அவளை வண்டியிலேயே இருத்தி, அவர் முன்னால் பிடிக்க மனைவி பின்னால் தள்ள, பொழுது சாயும்வரை நடந்தார்கள். விறகு ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று வந்து அவர்களைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனது. செல்வராணி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை.

அந்த மாதக் கடைசியில் மாட்டுவண்டியில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். இறக்கிப் பாலை மரத்தில் சாத்தினோம். மகளுக்கு எப்படி என்று கேட்டேன். எழும்பி நடக்கிறாள் என்றார். மர வாங்கில் இருந்தோம். மனைவி தேநீர் கொண்டுவந்தாள். குடித்து முடித்தோம். என்னை அறியாமல், பழக்க தோசத்தில், குனிந்து வண்டிக்குக் கீழே பார்த்தேன். சிரட்டை இன்னும் கட்டியபடி இருந்தது. உள்ளே காய்ந்துபோயிருந்தது. மணலில் ஒன்றுமில்லை. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

“இப்ப ஒழுகலிங்க தம்பி. ஒரு சொட்டு ஒழுகல.”

ஆகவே, என்னோடு கஷ்டப்பட்டவர்களே, நாளைக்கு விடிய உங்கள் வண்டிக்குக் கீழே கறுப்பாக ஒரு பொட்டைக் கண்டால் ஏசாதீர்கள், உள்ளே இன்னும் எண்ணெய் இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.