நளீமின் இரண்டு நிமிட மௌனம்

கல்முனைக்குடியில் ஸ்பீக்கர் கட்டுகிற நளீமுக்கு வருசத்தில் டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி மூன்றும்தான் ஓயாத உழைப்பு. நத்தாருக்கு மாதா கோயில் பாட்டு, தைப்பொங்கலுக்கு வீரமுனைக் கோயில் முற்றம், பெப்ரவரி நாலாந் திகதி சுதந்திர தினத்துக்கு ஊர் மைதானம். மூன்றுக்கும் அதே பெட்டி, அதே வயர், அதே மனுசன். அவனுடைய முதல் செட்டைச் சுனாமி கொண்டுபோனது. மற்றவர்களின் உடைந்த செட்டுகளைத் திருத்தித் திருத்தியே மறுபடி எழும்பினான். இப்போது வயது நாற்பத்தெட்டு. ஊருக்கெல்லாம் சத்தம் கொடுக்கிறவன் வீட்டில் ஊமை என்று அவன் பொஞ்சாதி றாஹிலா சொல்லுவாள்.

அவன் விரலுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மேடையில் நிற்கிற பெரிய மனிதர் பேச்சை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பினால், விரல் தானாகப் போய் மைக்கின் சத்தத்தைக் குறைத்துவிடும். ஏப்பம், இருமல், பக்கத்தில் இருப்பவனுக்கு விழுகிற ஏச்சு, ஒன்றும் வெளியே போகாது. முப்பது வருசமாக ஊர்ப் பெரியவர்களின் மானத்தை அந்த ஒற்றை விரல் காத்தது. ஒருவருக்கும் அது தெரியாது. அவனும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

போன வருசத்துச் சுதந்திர தினத்தில்தான் எல்லாம் கெட்டது. விளையாட்டுக் கழகத் தலைவர் அபுல் ஹஸன் ஹாஜியார் மைக்கின் தலையைக் கோழிக் கழுத்தைத் திருகுவது போல் பொத்திப் பிடித்துக்கொண்டு பேசினார். அப்படிப் பிடித்தால் எந்த மைக்கும் ஊளையிடும். இட்டது. சனம் சிரித்தது. ஹாஜியார் விறுவிறுவென்று மேடையை விட்டு இறங்கி வந்து நளீமின் கன்னத்தில் ஒன்று விட்டார்.

"எருமை! ஒரு மைக் கட்டத் தெரியல்ல, தொழில் ஒண்டு!"

நளீமின் மகள் அப்ரா, தேசிய கீதம் பாடிய பிள்ளைகளின் வரிசையில், கையில் சின்னக் கொடியோடு பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பிறகு அவள் மேடை ஏறிப் பாடவில்லை. அவன் சந்தியால் போனால் கடைவாசலில் நிற்கிறவர்கள் மைக் ஊளையிடுவது போல் 'கூ...' என்று விசிலடித்தார்கள். அடி ஒரு நிமிசத்தில் ஆறியது. விசில் வருசம் முழுக்க ஓடியது. அடுத்த பெப்ரவரி நாலுக்குள் இதற்குப் பதில் கொடுக்காவிட்டால் இந்தத் தொழிலையே விட்டுவிடுவது என்று நளீம் மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

எப்படி என்பதுதான் தெரியவில்லை. அதைத் தைப்பொங்கல் சொல்லிக் கொடுத்தது.

வீரமுனைக் கோயிலில் பானை பொங்கி வழிந்தது, வெடி வெடித்தது. எலக்சனில் நிற்கிற ஹாஜியார் சிறப்பு விருந்தினராக வந்து மைக்கில் உருகினார். "நாம ரெண்டு சமூகமும் ஒரே பானைச் சோறு!" கைதட்டு அடங்குமுன் பக்கத்துக் கதிரைப் பக்கம் திரும்பி, "இந்தப் புகைக்குள்ள இன்னும் எவ்வளவு நேரம் குந்துற? சீக்கிரம் முடிக்கச் சொல்லு" என்று முணுமுணுத்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற நளீமின் காதில் மட்டும் அது விழுந்தது. ஏனென்றால் விரல் ஏற்கெனவே சத்தத்தைக் குறைத்துவிட்டது.

நளீம் தன் விரலைப் பார்த்தான். அடித்தவனின் வாய்க்கு நான்தானே காவல் நிற்கிறேன் என்று அவன் நெஞ்சு கொதித்தது.

போகும்போது ஹாஜியார் அவன் தோளில் தட்டினார். "நல்லாக் கட்டிரிக்காய். உன்ட பேர் என்ன?"

அவருக்கு ஞாபகமே இல்லை.

கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் கதிர்காமன் வாழையிலையில் பொங்கல் கொண்டு வந்து கொடுத்தார். "என்ன தம்பி, முகம் அடிப்பிடிச்ச பானை மாதிரி இரிக்கி?"

"ஒண்டுமில்லண்ணே. ஒரு வேலை ஞாபகம் வந்த."

பெப்ரவரி நாலு. கழகச் செயலாளர் சுபியான் காலையிலேயே பெட்டியடிக்கு வந்தான். "நளீம் காக்கா, ஹாஜியாருக்குக் கையில பிடிக்கிற மைக் வேணாமாம். சட்டையில கொழுவுற மைக்தான் வேணுமாம். ஊளையிட்டா உங்கள உரிச்சுப் போடுவாராம்."

"ஊளையிடாது தம்பி. அல்லாஹ் மேல ஆணை."

நளீம் சொன்னபடியே செய்தான். ஊளை வராமல் இருக்க மேடையில் ஸ்பீக்கரே வைக்கவில்லை. எல்லாவற்றையும் மைதானத்தின் அந்தக் கோடியில், கடற்கரை வீதிப் பக்கம் திருப்பிக் கட்டினான். மேடையில் நிற்கிறவருக்குத் தன் குரல் பிந்தி, மங்கலாகத்தான் வந்து சேரும்.

ஹாஜியார் கொடி ஏற்றினார். பிள்ளைகள் தேசிய கீதம் பாடினார்கள். நாட்டுக்காக உயிர் நீத்தவர்களுக்கு இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று சுபியான் அறிவித்தான். மைதானம் தலை குனிந்தது. ஒவ்வொரு வருசமும் இந்த நேரத்தில் எல்லா மைக்கையும் மூடுவது நளீமின் வேலை. இந்த வருசம் அவனும் மற்றவர்களைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றான்.

முதலில் ஒரு ஏப்பம் ஊரைக் கடந்து கடலுக்குப் போனது. பிறகு குரல் வந்தது.

"சுபியான், பிரியாணி வந்திட்டா? ... இந்தக் கூட்டம் கொடிக்கா வந்த? சோத்துப் பார்சலுக்கு வந்த. ... முன்னுக்கு நிக்கிற அந்தப் பழைய பிரின்சிபல் இன்னும் மௌத்தாகாம உசிரோட இரிக்கிறானா? அவனுக்கு என்னத்துக்குப் பொன்னாடை? ... எலக்சன் முடியட்டும், ஒருத்தன்ட படியும் மிதிக்க மாட்டன்."

சுபியானின் முகம் சுண்ணாம்பானது. வாய் திறந்தால் அதுவும் ஊருக்குக் கேட்கும். கண்ணால் கெஞ்சினான், புருவத்தால் கெஞ்சினான். நளீம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடற்கரைப் பக்கமிருந்து தன் குரலே திரும்பி வர, ஹாஜியார் தலை நிமிர்த்தினார். "யார்ரா அது, மௌன அஞ்சலியில கதைக்கிற?"

அதுவும் ஊருக்குக் கேட்டது. எங்கேயோ ஒரு பெண் பிள்ளை களுக்கென்று சிரித்தாள். பிறகு மைதானமே குலுங்கியது. பழைய பிரின்சிபல் மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து ஹாஜியாரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"டேய் நளீம்! மைக்க மூட்ரா!"

இப்போது பேர் ஞாபகம் வந்துவிட்டது. நளீம் மணிக்கூட்டைப் பார்த்தான். இன்னும் நாற்பது செக்கன் இருந்தது. நாற்பதும் முடியும்வரை நின்றான். அந்த நாற்பதுக்குள் ஹாஜியார் ஏசிய ஏச்சு மருதமுனை வரைக்கும் போயிருக்கும். பிறகு ஆறுதலாக மேடையேறி, மைக்கைக் கழற்ற அவர் நெஞ்சுக்குக் கிட்டப் போனான். ஹாஜியாரின் கை மேலே எழும்பியது.

"அடிங்க ஹாஜியார்" என்றான் நளீம், மெல்லமாக. "மைக் இன்னும் வேலை செய்யிது."

அதுவும் எல்லோருக்கும் கேட்டது. எழும்பிய கை எங்கே போவதென்று தெரியாமல் தொப்பியைச் சரிசெய்துவிட்டு இறங்கியது.

மறுநாள் சுபியான் நளீமின் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். உள்ளே அப்ரா படித்துக்கொண்டிருந்தாள்.

"காக்கா, நீங்க மன்னிப்புக் கேக்கணுமாம். ஹாஜியார் சொல்லி அனுப்பின."

"கேக்கலாம் தம்பி" என்றான் நளீம், வயரைச் சுற்றிக்கொண்டே. "அதே மேடையில, அதே மைக்கில கேக்கிறன். போன வருசம் என்னத்துக்கு அறைஞ்ச எண்டு அவர் முதல்ல சொல்லட்டும். நாள் குறிச்சுக்கிட்டு வாங்க, செட்ட நானே கட்டித் தாறன்."

சுபியான் மோட்டார் சைக்கிளைத் திருப்பினான். உள்ளேயிருந்து அப்ரா, அவனுக்குக் கேட்கிற மாதிரி, 'கூ...' என்று ஒரு நீள விசில் அடித்தாள். அந்த விசிலைக் கேட்டு ஒரு வருசத்துக்குப் பிறகு முதல் முறையாக நளீமுக்குச் சிரிப்பு வந்தது.